இளையோர் தேசிய மகளிர் கூடைப்பந்து அணித் தேர்வு நேர்மையாக நடக்கிறதா? ஒரு தாயின் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். இன்றைய கேள்வி ஒரு தாயார் அனுப்பியது. பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். கேள்வியைச் சுருக்கமாகப் படிக்கிறேன்: "என் மகளுக்குப் பதினைந்து வயது. 16 வயதுக்குட்பட்டோருக்கான தேசிய மகளிர் கூடைப்பந்து அணியின் தேர்வு முகாமுக்கு அழைக்கப்பட்டாள். தேர்வு ஆட்டங்களில் நிறையப் புள்ளிகள் எடுத்தாள். ஆனால் இறுதிப் பட்டியலில் அவள் பெயர் இல்லை, தலைமைப் பயிற்சியாளரின் மகள் பெயர் இருக்கிறது. காரணம் கேட்டால் 'அது தேர்வுக் குழுவின் முடிவு' என்கிறார்கள். இது நியாயமா? நாங்கள் எழுதிக் கேட்கலாமா?"

அம்மா, அந்தப் பட்டியல் சரியா தவறா என்று என்னால் சொல்ல முடியாது. உங்கள் மகளின் ஆட்டத்தையும் நான் பார்க்கவில்லை, அந்தப் பெண்ணின் ஆட்டத்தையும் பார்க்கவில்லை. ஆனால் உங்களுக்குக் கிடைத்த பதில் சரியான பதில் இல்லை என்பதை உறுதியாகச் சொல்ல முடியும். பதினைந்து வயதுப் பெண்ணை வரவழைத்து, ஓடவிட்டு, மதிப்பெண் போட்டு, பிறகு வீட்டுக்கு அனுப்புகிறவர்கள் ஏன் அனுப்புகிறோம் என்று சொல்லக் கடமைப்பட்டவர்கள். அதைச் சொல்ல முடியவில்லை என்றால், முடிவெடுத்தபோதும் அவர்களிடம் தெளிவான காரணம் இருக்கவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

புள்ளிகளைப் பற்றி ஒரு விஷயம். பெற்றோர் பெரும்பாலும் இதைத்தான் முதலில் சொல்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகப் பேசுகிறேன். நான் தேர்வாளராக உட்கார்ந்த ஒரு முகாமில் ஒரு பெண் ஆட்டம் முழுக்க ஒரே ஒரு கூடைதான் போட்டாள். என் பக்கத்தில் இருந்தவர் அவள் எண்ணுக்கு எதிரே ஒன்றுமே எழுதவில்லை. மேசையின் மறுமுனையில் இருந்த தேர்வாளர் பந்தைப் பார்க்காமல் அந்தப் பெண்ணையே கவனித்துக்கொண்டிருந்தார். எதிரணி பந்தைக் கூடையை நோக்கி எறியும் ஒவ்வொரு முறையும், அவள் பந்து போகும் திசையைப் பார்க்கவில்லை. திரும்பி, தன் முதுகால் எதிராளியைத் தடுத்து, கூடைக்கு அருகில் வரவிடாமல் நிறுத்தினாள். ரீபவுண்டு, அதாவது கூடையில் விழாமல் திரும்பி வரும் பந்து, அவள் தோழியின் கையில் விழுந்தது. கணக்கிலும் தோழியின் பெயரில்தான் ஏறியது. இடைவேளையில் இரண்டு தேர்வாளர்களும் தாள்களை ஒப்பிட்டுப் பேசினார்கள். பேசியிருக்காவிட்டால் அந்தப் பெண் அன்றே வெளியே போயிருப்பாள்.

இதிலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. நிறையப் புள்ளி எடுத்தவள் கட்டாயம் அணியில் இருக்க வேண்டும் என்று சொல்ல முடியாது. உங்கள் மகளுக்கும் இது பொருந்தலாம். அதே சமயம், ஒருவர் மட்டும் பார்த்து எடுக்கும் முடிவை நம்பவும் முடியாது. குறைந்தது மூன்று பேர் பார்க்க வேண்டும், தனித்தனியாக எழுத வேண்டும், எழுதி முடித்த பிறகுதான் பேச வேண்டும். முதலில் பேசிவிட்டால் தலைமைப் பயிற்சியாளரின் கருத்துத்தான் மூன்று தாள்களிலும் இருக்கும்.

எதைப் பார்க்கப்போகிறோம் என்பதையும் முகாம் தொடங்கும் முன்பே எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். தடுப்பாட்டமா, பந்தைக் கையாளும் திறமையா, உயரமா, ஓட்டமா, எதற்கு எவ்வளவு முக்கியத்துவம் என்று. முகாமின் நடுவில் காய்ச்சலில் விழும் பெண்ணை என்ன செய்வது என்பதும் அதிலேயே இருக்க வேண்டும். பட்டியல் வந்த பிறகு சொல்லப்படும் அளவுகோலை நான் அளவுகோலாகவே மதிப்பதில்லை.

இன்னொன்று பிறந்த மாதம். பன்னாட்டுக் கூடைப்பந்தில் வயதுப் பிரிவு பிறந்த ஆண்டை வைத்துக் கணக்கிடப்படுகிறது. 2025-இல் 16 வயதுக்குட்பட்டோர் பிரிவில் ஆட 2009 ஜனவரி 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்திருக்க வேண்டும். அந்த ஜனவரியில் பிறந்தவளும் அதே ஆண்டு டிசம்பரில் பிறந்தவளும் ஒரே இடத்துக்குப் போட்டியிடுகிறார்கள். அந்த வயதில் பதினோரு மாதம் என்பது உடல் பலத்திலும் ஆடிய அனுபவத்திலும் பெரிய வித்தியாசம். இளையோர் அணிகளில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே அதிகம் இருப்பதைப் பல விளையாட்டுகளில் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். தேர்வாளரின் தாளில் பெயருக்குப் பக்கத்தில் பிறந்த மாதமும் இருந்தால் போதும், "இவள் இன்னும் வளர வேண்டியவள்" என்ற எண்ணம் ஒரு நொடியாவது வரும். செலவில்லாத திருத்தம் இது. ஏன் எல்லா இடத்திலும் செய்யவில்லை என்பது எனக்குப் புரியாத விஷயம்.

இப்போது பயிற்சியாளரின் மகள் விஷயம். ஒரு பயிற்சியாளரின் மகள் நன்றாக ஆடுவது இயல்புதான். நடக்கப் பழகும் வயதிலிருந்தே பந்தோடு வளர்ந்திருப்பாள். அப்பா பயிற்சியாளர் என்பதற்காக அவளை விலக்குவதும் அநியாயம். ஆனால் அவள் பெயர் பேச்சுக்கு வரும்போது அப்பா அறையில் இருக்கக் கூடாது. அவள் ஆடும் இடத்துக்குப் போட்டியிடும் மற்றப் பெண்களைப் பற்றிப் பேசும்போதும் இருக்கக் கூடாது. இந்த இரண்டாவது பாதியைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். மகளைப் பற்றி வாயே திறக்காமல், அவளுக்குப் போட்டியாக இருப்பவளைப் பற்றி ஒரு குறை சொன்னால் போதும், வேலை முடிந்துவிடும். அவர் வெளியே போனார் என்பது கூட்டக் குறிப்பில் பதிவாக வேண்டும். அப்படிச் செய்யாததால் பாதிக்கப்படுவது உங்கள் மகள் மட்டும் அல்ல. அந்தப் பெண்ணும்தான். உண்மையிலேயே தகுதியோடு வந்திருந்தாலும் அணியில் மற்ற பதினோரு பேரும் அவள் முதுகுக்குப் பின்னால் முணுமுணுப்பார்கள்.

தேர்வோடு நியாயம் முடிந்துவிடுவதில்லை, அணிக்குள் போன பிறகும் தொடர வேண்டும். ஒரு ஆட்டம் 40 நிமிடம், களத்தில் ஐந்து பேர். ஆக ஒரு அணியிடம் மொத்தம் 200 நிமிடம் இருக்கிறது. பன்னிரண்டு பேருக்குச் சமமாகப் பிரித்தால் ஆளுக்குப் பதினேழு நிமிடம்கூட வராது. தேசிய அணியில் சமமாகப் பிரிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை, அது நடைமுறைக்கும் ஒத்துவராது. ஆனால் ஏழு பேர் மட்டுமே 200 நிமிடத்தையும் ஆடித் தீர்த்தால், மீதி ஐந்து பெண்கள் நாட்டின் சீருடையோடு பெஞ்சில் உட்கார்ந்திருக்க மட்டும்தானா அழைத்துவரப்பட்டார்கள்? இளையோர் அணி நாளைய மூத்தோர் அணிக்கு ஆள் தயாரிக்கும் இடம். உன் பங்கு இது, இந்தச் சூழ்நிலையில் உன்னை இறக்குவேன் என்று ஒவ்வொருத்தியிடமும் போட்டிக்கு முன்பே சொல்லும் பயிற்சியாளரை, குறைவாக ஆடும் பெண்களும் மதிப்பார்கள்.

உயரமான பெண்களுக்கு நடக்கும் அநியாயத்தை யாரும் அநியாயம் என்றே நினைப்பதில்லை. பதின்மூன்று வயதில் மற்றவர்களைவிட ஒரு தலை உயரமாக இருப்பவளைச் சென்டர் இடத்தில், அதாவது கூடைக்கு அருகில் ஆடும் இடத்தில், நிறுத்திவிடுகிறார்கள். கூடைக்கு அடியில் கையைத் தூக்கி நில் என்பதுதான் அவளுக்குக் கிடைக்கும் பயிற்சி. பந்தைத் தட்டிக்கொண்டு ஓட விடுவதில்லை, தூரத்திலிருந்து எறியவும் விடுவதில்லை. அவள் வளர்ச்சி அதோடு நின்றுவிடும். பதினெட்டு வயதில் மற்றவர்கள் எட்டிப் பிடித்திருப்பார்கள். அப்போது அவளுக்கு உயரமும் இல்லை, கைத்திறனும் இல்லை. அன்றைக்கு ஜெயித்த கோப்பையில் அவளுடைய எதிர்காலமும் செலவாகியிருக்கிறது.

உடல்நலத்தையும் நான் நியாயத்தின் கணக்கில்தான் சேர்ப்பேன். முழங்காலின் முன் தசைநார் கிழியும் காயம் கூடைப்பந்தில் பெண்களுக்கு ஆண்களைவிட அதிகமாக ஏற்படுகிறது. குதித்து இறங்கும் முறையைச் சரிசெய்யும் பயிற்சிகளைத் தவறாமல் செய்தால் அந்த ஆபத்து குறைகிறது. அதைத் தவிர்க்கும் பயிற்சியாளர் ஒரு பெண்ணின் காலை வைத்து விளையாடுகிறார். எல்லோர் முன்னிலையிலும் எடை பார்ப்பது, உடலைப் பற்றிக் கருத்துச் சொல்வது இதெல்லாம் உடனே நிற்க வேண்டும். உழைப்புக்கு ஏற்ற உணவு இல்லாதபோது மாதவிடாய் நின்றுபோவதையும் எலும்பு பலவீனமாவதையும் பன்னாட்டு ஒலிம்பிக் குழுவின் நிபுணர்கள் 2014-லேயே விரிவாக விளக்கினார்கள். மாதவிடாய் நின்றால் அது கடின உழைப்பின் அடையாளம் அல்ல, மருத்துவரிடம் போக வேண்டிய அறிகுறி.

இதைவிடக் கடுமையான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 2021-இல் மாலி நாட்டில் இளம் கூடைப்பந்து வீராங்கனைகளைப் பயிற்சியாளர்களே பாலியல் ரீதியாகத் துன்புறுத்தினார்கள் என்ற புகார் உலகச் செய்தியானது. பன்னாட்டுக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு தனி விசாரணை வைத்தது. யார் ஆடுவது, யார் வெளியே போவது என்பது ஒரே ஒரு மனிதரின் கையில் இருந்தால், அவர் கேட்பதை மறுக்கும் துணிச்சல் ஒரு சிறுமிக்கு எங்கிருந்து வரும்? அதனால்தான் மூன்று தேர்வாளர்கள், எழுத்தில் அளவுகோல், காரணம் சொல்லும் கடமை என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். பயிற்சிக் குழுவில் பெண்கள் முடிவெடுக்கும் இடத்தில் இருக்க வேண்டும். பயிற்சியாளர் எந்த வீராங்கனையையும் பூட்டிய அறையில் தனியாகச் சந்திக்கக் கூடாது. புகாரைப் பெறுபவர் அணிக்கு வெளியே இருக்க வேண்டும்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? எழுதிக் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். "அந்தப் பெண்ணை ஏன் எடுத்தீர்கள்" என்று தொடங்காதீர்கள், கதவு உடனே மூடிக்கொள்ளும். முகாமின் அளவுகோல் என்ன, என் மகளை எத்தனை பேர் மதிப்பிட்டார்கள், அவள் எதில் குறைவாக இருந்தாள், அடுத்த தேர்வு எப்போது என்று கேளுங்கள். பயிற்சியாளர் தன் மகளைப் பற்றிய பேச்சில் கலந்துகொண்டாரா என்பதைத் தனிப் பத்தியில், குற்றம் சாட்டாமல், கேள்வியாகவே வையுங்கள். அணியைத் தேர்ந்தெடுக்கும் தேசியக் கூட்டமைப்பின் விதிப்புத்தகத்தில் மேல்முறையீட்டுக்கு இடமிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். அதற்கான கால வரம்பு பெரும்பாலும் மிகக் குறுகியது. மேல்முறையீட்டில் பொதுவாகத் திறமையை மறுபடி எடைபோட மாட்டார்கள், விதிப்படி நடந்ததா என்றுதான் பார்ப்பார்கள். ஆகவே "என் மகள் அவளைவிடச் சிறந்தவள்" என்ற வாதம் அங்கே எடுபடாது, "அளவுகோல் சொல்லப்படவில்லை" என்ற வாதம் எடுபடும்.

கடிதத்தை அனுப்பும் முன் உங்கள் மகளிடம் படித்துக் காட்டுங்கள். அடுத்த முகாமில் அதே ஆட்களுக்கு முன்னால் நிற்கப்போகிறவள் அவள். அவள் வேண்டாம் என்றால் அனுப்பாதீர்கள். சரி என்றால் அவள் பெயரையும் சேர்த்து, நாளைக்கே அனுப்புங்கள்.