மரமேறியின் ஸ்விவல்: எங்கே மாட்டுவது, எப்படிச் சோதிப்பது

வணக்கம் நேயர்களே.

பெரிய மரங்களில் கயிறு போட்டு ஏறி, கிளை கிளையாகப் போய் வேலை செய்கிறவர்களின் உபகரணங்களைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். இடுப்பிலும் தொடையிலும் கட்டுகிற பட்டையான ஹார்னஸ், கயிறு, கப்பி, கொக்கி என்று எல்லாவற்றையும் தொட்டால் எதையும் உருப்படியாகச் சொல்ல முடியாது. அதனால் உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரே ஒரு சாமானை எடுத்துக்கொள்கிறேன். ஸ்விவல் என்று அதற்குப் பெயர்.

மாடு கட்டுகிற சங்கிலியைப் பார்த்தவர்களுக்கு ஸ்விவலை விளக்கவே வேண்டாம். அந்தச் சங்கிலியின் நடுவில் தன்போக்கில் சுற்றுகிற கண்ணி ஒன்று இருக்கும். மாடு எத்தனை முறை திரும்பினாலும் சங்கிலி முறுக்கிக்கொண்டு கழுத்தை இறுக்காது. மரமேறுகிறவரின் இடுப்பில் இருப்பதும் அதே வேலைக்குத்தான். மேலே ஒரு வளையம், கீழே ஒரு வளையம், இரண்டுக்கும் நடுவில் ஓர் அச்சு. அச்சைச் சுற்றிச் சின்னக் குண்டுகள் வைத்த பேரிங் இருக்கும், அல்லது வழுவழுப்பான உறை, அதாவது புஷ், இருக்கும். பெரும்பாலும் அலுமினியக் கலவையில் செய்கிறார்கள். எடை 100, 150 கிராம் அளவில் இருக்கும்.

பனை, தென்னை ஏறுகிறவருக்கு இது வேண்டியதில்லை. அது நேராக ஏறி நேராக இறங்குகிற வேலை. ஓக், பீச், நம் சாலையோரத் தூங்குமூஞ்சி மரம் போலப் பக்கவாட்டில் பரந்து கிடக்கிற மரங்களில்தான் சிக்கல் தொடங்குகிறது. கண்ணை மூடி நினைத்துப் பாருங்கள். உயரத்தில் ஒரு கவையில் கயிறு போட்டிருக்கிறது. அதன் இரண்டு பகுதிகளும் கீழே ஆளிடம் வருகின்றன. ஒரு முனை அவரிடம் கட்டியிருக்கிறது. மறு பகுதி, ஏறி இறங்க உதவும் பிடிமுடிச்சு வழியாகவோ, அதற்கென்று செய்த கருவி வழியாகவோ போகிறது. அவர் கிளையின் நுனிக்கு நடக்கிறார், திரும்புகிறார், தொங்கியபடியே இரண்டு சுற்றுச் சுற்றுகிறார். கயிற்றின் இரண்டு பகுதிகளும் ஒன்றை ஒன்று சுற்றிக்கொள்கின்றன. சுற்றிய கயிற்றில் உராய்வு ஏறிவிடும். முடிச்சு நகராது. அவசரமாக இறங்க வேண்டிய நேரத்தில் பாதியில் நிற்பார்.

இதைவிட மோசமான ஒன்று கொக்கியில் நடக்கும். கொக்கி என்றால் காராபினர், திறந்து மூடுகிற வாயுள்ள அலுமினிய வளையம். அதன் முதுகில் அம்புக்குறிகளுடன் எண்கள் பொறித்திருப்பார்கள். நீளவாக்கில் இழுத்தால் 22, 25 கிலோநியூட்டன் தாங்குகிற கொக்கி, குறுக்குவாட்டில் இழுத்தால் 7 அல்லது 8 கிலோநியூட்டன்தான் தாங்கும். 1 கிலோநியூட்டன் என்றால் ஏறக்குறைய 100 கிலோ எடை தொங்குகிற இழுப்பு. கயிற்றின் முறுக்கு அதைப் பக்கவாட்டில் திருப்பிவிட்டால், சுமை வாயின் மேல் விழுகிறது. ஸ்விவல் இருந்தால் ஆள் சுற்றுவார், கொக்கி சுற்றாது, சுமை நீளவாக்கிலேயே இறங்கும். என்னைக் கேட்டால் ஸ்விவலின் முதல் பயன் இதுதான். கயிறு முறுக்காமல் இருப்பது இரண்டாவது.

மாட்டுகிற இடத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். இரண்டு பகுதிகளாக வருகிற கயிற்றில், கட்டிய முனையும் பிடிமுடிச்சும் இரண்டுமே ஸ்விவலுக்கு மேலே இருக்க வேண்டும். இரண்டுமே மேலே. திரும்பவும் சொல்கிறேன், ஏனென்றால் இது தவறினால் ஸ்விவல் இருந்தும் பயனில்லை. ஒன்றை ஸ்விவலின் மேல் வளையத்திலும் மற்றொன்றை நேரே ஹார்னஸிலும் மாட்டினால், நீங்கள் சுற்றும்போது ஒன்று உங்களோடு வரும், மற்றது வராது. பழையபடி முறுக்குத்தான். அதேபோல, அடிமரத்தைச் சுற்றி ஒரு வட்டம் போனால் கயிறும் மரத்தைச் சுற்றிக்கொள்ளும். அதை எந்த ஸ்விவலும் அவிழ்க்காது, வந்த வழியே திரும்பிப் போக வேண்டும். ஒற்றைக் கயிற்றில் ஏறுகிறவர்களுக்கு இதன் தேவை குறைவு.

இன்னொரு விலையும் உண்டு. ஸ்விவலும் அதற்கான கூடுதல் கொக்கியும் சேர்ந்தால் பிடிமுடிச்சு சுமார் 10 முதல் 15 சென்டிமீட்டர் மேலே போய்விடும். கை கட்டையானவர்களுக்கு இது பெரிய தொல்லை. எட்டிப் பிடிக்க முடியாமல் தளர்வான கயிறு சேர்ந்துவிட்டால், கால் வழுக்கும்போது விழும் தூரம் கூடும். இதற்காகவே ஹார்னஸின் முன்னால் இருக்கிற குறுக்குக் கயிற்றில், அதாவது பிரிட்ஜில், நேரடியாகக் கோர்க்கிற ஸ்விவல்கள் வந்திருக்கின்றன. போல்ட்டைக் கழற்றிக் கோர்த்து, திரும்பப் பூட்டுவார்கள். நீளம் மிச்சம்தான். ஆனால் கவனிக்க ஒரு போல்ட் கூடிவிடுகிறது. தயாரிப்பாளர் சொன்ன அளவு இறுக்கத்தில் பூட்ட வேண்டும், கையேட்டில் போல்ட் தளராமல் பிடிக்கிற பசை போடச் சொல்லியிருந்தால் போட வேண்டும். பூட்டியபின் போல்ட்டின் தலையிலும் பக்கத்து உடலிலும் சேர்ந்தாற்போல ஒரு கோடு போட்டுவைத்தால், அது கொஞ்சம் நகர்ந்தாலும் காலையில் கண்ணில் பட்டுவிடும்.

இனி நம்பிக்கைக்கு வருகிறேன். ஸ்விவலில் 22 கிலோநியூட்டன், 23 கிலோநியூட்டன் என்று பொறித்திருக்கும். 100 கிலோ எடை தொங்கினால் ஏறக்குறைய 1 கிலோநியூட்டன். ரம்பத்தோடு சேர்த்து ஓர் ஆளின் எடை அவ்வளவுதான் வரும். 22 மடங்கு பலம் இருக்கிறதே, பிறகு என்ன பயம் என்று கேட்பார்கள். அந்த எண், புதிய சாமானை, நேர்வாட்டில், சோதனைக்கூடத்தில் இழுத்துப் பார்த்துச் சொன்னது. உங்கள் பையில் இன்று கிடக்கிற சாமானைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

இந்த இடத்தில் ஒரு விபத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். டாட் ஸ்கின்னர் அமெரிக்கர். மரமேறி இல்லை, பாறையேறுகிறவர். சாதாரண ஆளும் இல்லை. 1988-இல் பால் பியானாவோடு சேர்ந்து அமெரிக்காவின் யோசெமிட்டியில் இருக்கிற எல் கேப்பிடன் பாறையில் சலாத்தே சுவரைக் கைகால் பலத்தாலேயே ஏறி முடித்தவர். கயிறு இருந்தது, தவறி விழுந்தால் ஆளைப் பிடிக்க மட்டும். 1995-இல் பாகிஸ்தானின் டிராங்கோ கோபுரத்திலும் அப்படியே ஏறினார். 2006 அக்டோபர் 23 அன்று, அதே யோசெமிட்டியில் லீனிங் டவர் என்ற பாறையிலிருந்து கயிற்றில் இறங்கிக்கொண்டிருந்தார். அவர் ஹார்னஸின் முன்பக்கத்தில் இருந்த நாடா வளையம் அறுந்தது. விழுந்து இறந்தார்.

கயிறு அறவில்லை. மேலே கட்டிய பிடிமானம் விடவில்லை. ஹார்னஸின் அந்த வளையம் மட்டும் அறுந்தது. அப்படிப்பட்ட வளையம் புதிதாக இருக்கையில் 15 கிலோநியூட்டன் தாங்க வேண்டும் என்பது ஐரோப்பியத் தரம். அவருடைய எடையோ 1 கிலோநியூட்டனுக்கும் கீழே. பதினைந்து பங்கு பலம் தேய்ந்து தேய்ந்து ஒரு பங்குக்கும் குறைவாக ஆகியிருந்தது. இதில் மனதை உறுத்துகிற விஷயம், அந்தத் தேய்மானம் மறைந்து கிடந்த ஒன்று இல்லை. கூட ஏறியவர் சில நாள் முன்பே பார்த்துச் சொல்லியிருந்தார். ஸ்கின்னரும் புது ஹார்னஸுக்குச் சொல்லிவைத்திருந்தார். அது வந்து சேரும்வரை பழையதிலேயே ஏறினார்.

மரமேறிகளுக்கு இதில் நேரடியான பாடம் உண்டு. நாடா வளையத்தில் எதையாவது நிரந்தரமாக முடிச்சிட்டு வைத்தால் அது தானாகச் சுற்றி நகர முடியாது. உரசல் முழுவதும் ஒரே இடத்தில் விழும். நம் ஹார்னஸின் பிரிட்ஜ் கயிறும் அப்படித்தான். ஸ்விவலின் கீழ் வளையம் அதன் மேல் நாள் முழுக்க இடமும் வலமும் ஓடுகிறது, அதிகம் நிற்பது நடுவில். மரத்தூளும் பிசினும் சேர்ந்தால் உரசல் இன்னும் கூடும். ஆகவே ஸ்விவலைச் சோதிக்கிறவர் அது உட்கார்ந்திருக்கிற கயிற்றையும் சேர்த்தே சோதிக்க வேண்டும். ஸ்விவலை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, பிரிட்ஜின் நடுப்பகுதியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உருட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில்தான் நூல் பிசிறும். ஓரிடத்தில் தட்டையாகவோ, கடினமாகவோ, உள்ளே குழி விழுந்தது போலவோ தெரிந்தால் மாற்ற வேண்டும். ஆர்டர் போட்டிருக்கிறேன், வந்ததும் மாற்றுவேன் என்பது மாற்றியதாகாது. இரண்டு முனை முடிச்சுகளையும் பாருங்கள்.

இப்போது ஸ்விவல். ஹார்னஸில் இருக்கிற எல்லாச் சாமானிலும் இதற்கு மட்டும் ஒரு தனிக் குணம் உண்டு: உள்ளே பார்க்க முடியாது. கயிற்றின் பிசிறு தெரியும், கொக்கியின் கீறல் தெரியும், மூடிய பேரிங்குக்குள் என்ன ஆயிற்று என்பது தெரியாது. அதனால் கண்ணைவிடக் கையையும் காதையும் நம்ப வேண்டியிருக்கிறது.

முதலில் கழற்றி எடுத்துத் துடைத்து, இரண்டு வளையங்களின் உட்புறத்திலும் நகத்தை ஓட்டுங்கள். நகம் தடுக்குகிற பள்ளம் இருந்தால் கையேட்டை எடுத்து, அந்த நிறுவனம் சொல்லும் தேய்மான எல்லையோடு ஒப்பிட வேண்டும். இரும்புக் கொக்கியை அலுமினிய வளையத்தில் மாட்டுகிறவர்களுக்கு இந்தப் பள்ளம் சீக்கிரம் வரும். பிறகு சுமை இல்லாமல் மெதுவாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். எங்கேயாவது தடங்கினால், நறநறவென்றால், மணல் புகுந்திருக்கிறது அல்லது பேரிங் கெட்டிருக்கிறது. அடுத்து இரண்டு கையாலும் பிடித்து இழுத்து அழுத்திப் பாருங்கள், பக்கவாட்டிலும் ஆட்டிப் பாருங்கள். சில மாடல்களில் புதிதிலேயே சின்ன ஆட்டம் இருக்கும், அது குறை இல்லை. போன மாதத்தைவிட ஆட்டம் கூடியிருந்தால் அதுதான் சேதி. ஆகவே வாங்கிய அன்றே ஆட்டிப் பார்த்துக் கைக்குப் பழக்கிக்கொள்ள வேண்டும். புதிதில் எப்படி இருந்தது என்று தெரியாதவருக்கு ஒப்பிட எதுவும் இருக்காது.

கடைசியாக, முழங்கால் உயரத்தில் தொங்கி உடம்பைச் சுற்றிப் பாருங்கள். கையில் சுலபமாகச் சுற்றுகிற புஷ் வகை, ஆள் எடை விழுந்ததும் இறுகிக்கொள்வது உண்டு. சுமையில் சுற்றாத ஸ்விவல், வேலை செய்யாத ஸ்விவல். அதைத் தரையிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

சிலர் நறநறப்பு கேட்டவுடன் தெளிப்பு எண்ணெயை அடித்துவிடுகிறார்கள். செய்யாதீர்கள். மூடிய பேரிங்கில் அது இருக்கிற கிரீஸைக் கரைத்துத் தூசியை உள்ளே இழுக்கும். இரண்டு நாள் நன்றாகச் சுற்றும், பிறகு முன்னைவிட மோசமாகும். வெதுவெதுப்பான தண்ணீர், மென்மையான சோப்பு, நிழலில் உலர்த்தல், அவ்வளவுதான். பெட்ரோல், தின்னர் எதுவும் கூடாது. எண்ணெய் இடலாமா என்பதைக் கையேடு சொல்லும்.

கிளை இறக்குகிற கயிற்றுக்கும் ஸ்விவல் போடுவார்கள். வெட்டிய கட்டை சுழன்றபடி விழுந்து, கயிறு பிடிக்கும்போது அதிர்வுச் சுமை பலமடங்கு ஏறும். அந்த வேலையில் ஒரு முறை பயன்படுத்திய ஸ்விவலை ஆள் தொங்குகிற இடத்துக்குத் திரும்பக் கொண்டுவரவே கூடாது. இரண்டுக்கும் வேறு நிறச் சாயம் பூசிப் பிரித்து வையுங்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து நேரம் ஆகிறது என்று கை காட்டுகிறார்கள். மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஸ்விவல் இருந்தாலும் கொக்கியின் வாய் கிளையில் போய் இடிக்கலாம். ஆகவே தானே மூடித் தானே பூட்டிக்கொள்ளும் கொக்கியே வேண்டும். அமெரிக்க மரப்பணித் தரமான இசட்133, திறக்க அடுத்தடுத்துக் குறைந்தது இரண்டு செயல்கள் தேவைப்படும் கொக்கியைக் கேட்கிறது. ரம்பம் ஓட்டும்போது இரண்டாவது பிடிமானமும் வேண்டும் என்கிறது. அந்த இரண்டாவது பிடிமானக் கயிற்றை, அதாவது லேன்யார்டை, முதல் ஸ்விவலிலேயே மாட்டாதீர்கள், ஹார்னஸின் பக்க வளையங்களில் மாட்டுங்கள். ஒன்று போனாலும் மற்றது நிற்க வேண்டும்.

வாங்கும்போது தயாரிப்பாளர் பெயர், தரக் குறியீடு, தாங்கும் அளவு, தொடர் எண் நான்கும் உடலில் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். ஊஞ்சலுக்கும் யோகாவுக்கும் விற்கிற மலிவான ஸ்விவல்களில் எண் மட்டும் இருக்கும், யார் சோதித்தார் என்பது இருக்காது. பிரபல நிறுவனங்களின் ஏறுகருவிகளுக்கே போலிகள் வந்திருக்கின்றன. யாரோ பயன்படுத்தியதை, அதன் வரலாறு தெரியாமல் வாங்காதீர்கள். உயரத்திலிருந்து கடினமான தரையில் விழுந்த ஸ்விவலை, வெளியே கீறல் இல்லாவிட்டாலும் ஒதுக்கிவிடுங்கள். உள்ளே குண்டுகள் பதிந்திருக்கலாம்.

பிரிட்டனில் 1998-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆளைத் தாங்கும் கருவிகளைத் தகுதியுள்ள ஒருவர் 6 மாதத்துக்கு ஒரு முறை முழுமையாகச் சோதிக்க வேண்டும். சட்டம் கேட்காத ஊரிலும் ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தொடர் எண், வாங்கிய நாள், சோதித்த நாள், ஆட்டம் எப்படி இருந்தது, சோதித்தவர் கையெழுத்து. ஒதுக்கிய சாமானை அறுத்துப் போட்டுவிட்டு அதையும் எழுதிவையுங்கள், வேறு யாரும் பையிலிருந்து எடுத்து மாட்டிவிடாமல் இருக்க.

நன்றி, வணக்கம்.