கடல்நீர் செலுத்தும்போது பாறை அடைபடுமா? கணிப்பில் 0.99 மதிப்பெண் வாங்கிய மாடலை நம்பலாமா?

[திரையில்: வடகடல் எண்ணெய் மேடை, கீழே பாறை அடுக்குகள்]

வடகடல் வயல்களில் எண்ணெயைத் தள்ளக் கடல்நீரைப் பாறைக்குள் செலுத்துகிறார்கள். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 2,700 மில்லிகிராம் சல்பேட். ஃபார்ட்டீஸ் வயலின் பாறைநீரில் சுமார் 250 மில்லிகிராம் பேரியம். இரண்டும் கலந்தால் பேரியம் சல்பேட் படியும். அமிலம் ஊற்றினாலும் அசையாது. நுண்துளைகள் அடைபட்டு ஊடுருவுதிறன், அதாவது பாறை நீரை எவ்வளவு எளிதாக விடுகிறது என்பது, விழும்.

எவ்வளவு விழும் என்று கணிக்கும் இயந்திரக் கற்றல் மாடலுக்குத் தரவு வேண்டும். கோர் எனப்படும் பாறை உருளைக்குள் இரு நீரையும் சேர்த்துச் செலுத்தி, அழுத்த வேறுபாட்டை அளந்து, அதிலிருந்து ஊடுருவுதிறனைக் கணக்கிடும் டார்சி விதியில் போடுவார்கள். தொடக்க ஊடுருவுதிறனை அறை வெப்பத்திலும் மற்றதை 80 டிகிரியிலும் அளந்துவிட்டு, இரண்டுக்கும் ஒரே பாகுநிலையை (நீர் ஓடுவதைத் தடுக்கும் பிசுபிசுப்பை) போடுவது அடிக்கடி நடக்கும் பிழை. நீரின் பாகுநிலை 25 டிகிரியில் 0.89 சென்டிபாய்ஸ், 80-இல் 0.35. இரு ஊடுருவுதிறன்களின் விகிதமே இரண்டரை மடங்கு பிசகும். மாடல் அதையும் சமர்த்தாகக் கற்றுக்கொள்ளும்.

[திரையில்: உள்ளீட்டு அட்டவணை]

உள்ளீடுகள்: வெப்பநிலை, அழுத்த வேறுபாடு, அயனிச் செறிவுகள், தொடக்க ஊடுருவுதிறன், துளைக் கொள்ளளவுக்கு எத்தனை மடங்கு நீர் போயிருக்கிறது என்பது. கணிப்பது, தொடக்கத்தோடு ஒப்பிட்டு மிஞ்சியிருக்கும் ஊடுருவுதிறன்.

சிக்கல் தரவைப் பயிற்சிக்கும் தேர்வுக்கும் பிரிப்பதில் வருகிறது. ஒரே கோர் ஐம்பது வரிகள் தரும். வரிகளைக் குலுக்கிப் பிரித்தால் 30-ஆவது வரி பயிற்சியில், 31-ஆவது தேர்வில். ஆர்-ஸ்கொயர் (கணிப்பு எவ்வளவு பொருந்துகிறது என்னும் மதிப்பெண்; 1 என்றால் முழுப் பொருத்தம்) 0.99 வராமல் என்ன செய்யும்? தொடக்க ஊடுருவுதிறன் கோருக்குக் கோர் வேறு. மாடலுக்கு அதுவே கோரின் பெயர்ப்பலகை. சைக்கிட்-லேர்ன் என்ற பைத்தான் நிரல்தொகுப்பின் ‘குரூப்-கே-ஃபோல்ட்’ கொண்டு முழுக் கோர்களையே ஒதுக்கிவையுங்கள். மதிப்பெண் சரியும். அந்த எண்தான் பேசத்தக்கது.

பல முடிவு மரங்களைச் சேர்த்துக் கணிக்கும் எக்ஸ்ஜிபூஸ்ட்டில் ஒரு கட்டுப்பாடும் போடலாம்: நீர் கூடும்போது விகிதம் ஏறக் கூடாது. களிமண் துகள் இடம்பெயரும் கோர்களுக்கு இதைப் போடாதீர்கள். துகள் வெளியேறினால் ஊடுருவுதிறன் நிஜமாகவே மீளும். பயிற்சியில் 90 டிகிரிக்கு மேல் தரவே இல்லையென்றால், 120-க்கும் இந்த மரங்கள் 90-இன் விடையையே தரும்.

[திரையில்: ஹால் வரைபடம்]

களத்தில் இரு நீரும் பெரும்பாலும் உற்பத்திக் கிணற்றருகேதான் கலக்கின்றன. உட்செலுத்தும் கிணற்றை அடைப்பவை மிதக்கும் துகள், எண்ணெய்த் துளி, பாக்டீரியா. அதற்குக் கோர் மாடல் உதவாது. தினசரி அழுத்தத்தையும் நீரளவையும் கூட்டிக்கொண்டே போய், ஒன்றுக்கெதிராக மற்றொன்றை வரையும் ஹால் வரைபடத்தில் பாருங்கள்: சாய்வு ஏறினால் அடைப்பு, திடீரென இறங்கினால் பெரும்பாலும் பாறையில் விரிசல் விழுந்திருக்கும்.