கல்லின் பாரம் எங்கே இறங்குகிறது?

வணக்கம் நேயர்களே. தீபாவளி நெருங்கினால் போதும், நம் தாமான்களில், அதாவது குடியிருப்புகளில், வீட்டு முகப்புக்குக் கல் வைக்கும் ஆசை எல்லாருக்கும் வந்துவிடும். சுங்கை சிப்புட்டில் நான் கொத்து வேலை எடுத்துச் செய்கிறேன். வருகிறவர்கள் எல்லாம் என்ன நிறம், சதுர அடி எத்தனை வெள்ளி என்றுதான் கேட்கிறார்கள். இதை எது தாங்கும் என்று யாரும் கேட்பதில்லை.

முழுச் செங்கல்லைச் சுவருக்கு முன்னால் இன்னொரு தோல் மாதிரி அடுக்குகிறோம் என்று வையுங்கள். 10 சென்டிமீட்டர் கனத்துக்கு ஒரு சதுர மீட்டர் ஏறக்குறைய 190 கிலோ வரும். மூன்றுக்கு மூன்று மீட்டர் முகப்பு என்றால் 1,700 கிலோ, அதாவது ஒன்றரை மைவி காருக்கு மேலே! சுவரில் பதிக்கும் கம்பிப் பட்டைகள் இந்தப் பாரத்தைச் சுமக்காது. செங்கல் முன்னால் சாயாமல் இழுத்துப் பிடிப்பது மட்டும்தான் அவற்றின் வேலை. பாரம் இறங்க வேண்டிய இடம் வீட்டின் அஸ்திவாரம், இல்லையென்றால் பீமில், அதாவது வீட்டின் கான்கிரீட் உத்தரத்தில், போல்ட் போட்டு முடுக்கிய எல் வடிவ இரும்பு.

இதை நான் பட்டுத்தான் கற்றேன், அதுவும் சொந்த அக்கா வீட்டில். வீட்டைச் சுற்றிச் சிமெண்டுத் தரை இருக்குமே, ஏப்ரன் என்போம், அதன் மேலேயே செங்கல்லை ஏற்றிவிட்டேன். ரப்பர் மரங்களை அழித்து, மண் கொட்டி மேடாக்கிய தாமான் அது. வீடு பைலிங் மேல், அதாவது மண்ணுக்குள் ஆழமாக இறக்கிய தூண்கள் மேல் நிற்கிறது, ஏப்ரன் வெறும் கொட்டிய மண்ணில் கிடக்கிறது. மண் அமுங்க, ஏப்ரன் இறங்க, செங்கல்லும் கூடவே இறங்கியது. இரண்டு மழைக்காலம் போனதும் ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டு மாதிரி ஒரு வெடிப்பு. விரலை விட்டுப் பார்த்தேன், நுழைந்தது. "பல்லி குடும்பமே உள்ளே போய் வருதுடா தம்பி" என்றார் அக்கா. அப்புறம் என்ன, என் செலவில் இடித்து, தோண்டி, வீட்டின் கிரவுண்ட் பீமோடு கம்பி கட்டிக் கான்கிரீட் போட்டு, மறுபடி அடுக்கினேன்.

ஜன்னலுக்கு மேலேயும் கவனம் வேண்டும். அங்கே மேல் வரிசைச் செங்கல்லைத் தாங்கும் இரும்பு, துருப் பிடிக்காமல் கல்வனைஸ் (துத்தநாகப் பூச்சு) செய்தது, இரண்டு பக்கமும் 10 சென்டிமீட்டராவது செங்கல்லில் உட்கார வேண்டும். சுவருக்கும் செங்கல்லுக்கும் நடுவே ஒரு அங்குல இடைவெளி, அடி வரிசையில், உள்ளே புகுந்த மழைத் தண்ணீர் வடிய ஓட்டைகள். எறும்பு வரும் என்று அந்த ஓட்டைகளைச் சிமெண்டு வைத்து அடைக்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்!

மெல்லிய ஒட்டுக்கல்லுக்கு இவ்வளவு பாடு இல்லை. பாரம் குறைவு, பின்னால் இருக்கும் சிமெண்டுப் பூச்சே அதைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் பூச்சின் மேல் பெயிண்ட் இருக்கிறதே! ஒரு வீட்டில் விழுந்த கல்லைத் திருப்பிப் பார்த்தேன். பசை அப்படியே இருந்தது, அதன் மேல் இளம்பச்சைப் பெயிண்ட் தோலாக ஒட்டியிருந்தது. பசை பெயிண்டைப் பிடித்தது, பெயிண்ட்தான் சுவரை விட்டுவிட்டது. அதனால் பெயிண்டைச் சுரண்டி, பூச்சைக் கொத்தி, தூசு போகக் கழுவிய பிறகுதான் கல்லைக் கையில் எடுக்க வேண்டும்.

பழைய தோட்டத்து வீடு, பலகைச் சுவர் என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மழையில் ஊதி வெயிலில் சுருங்கும் பலகையில் நேராக ஒட்டினால் கல் நிற்காது. நல்ல பெயிண்டாக வாங்கி அடித்துவிடுங்கள், நானே வந்து அடித்துத் தருகிறேன்.