எலிக்கூண்டில் ஏணி வைத்தால் என்ன ஆகும்?

வணக்கம். வயதானால் மறதி வரும், எல்லாம் தலையெழுத்து என்று சொல்லிக்கொண்டே இருக்கிறோமே, அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியைச் சொல்லிக்கொடுத்தவை எலிகள்.

ஆய்வுக்கூடத்து எலி வழக்கமாக வாழ்வது ஒரு வெறும் பெட்டியில். தீனி, தண்ணீர், படுக்க மரத்தூள், அவ்வளவுதான். 1960-களில் அமெரிக்காவின் பெர்க்லியில் மார்க் ரோசன்ஸ்வைக், மரியன் டயமண்ட் முதலானோர் சில எலிகளைக் கூட்டமாகப் பெரிய கூண்டில் விட்டு, ஏணி, சக்கரம் என்று விளையாட்டுச் சாமான்களைப் போட்டு, அவற்றை அடிக்கடி மாற்றியும் வந்தார்கள். அந்த எலிகளின் மூளைப் புறணி, அதாவது மூளையின் மேலடுக்கு, தடித்திருந்தது. பின்னால் பார்த்தால், கிழட்டு எலிகளுக்கும் அப்படியே!

சரி, உள்ளே என்ன நடக்கிறது? செல்லுக்குள் டி.என்.ஏ. ஹிஸ்டோன் என்ற புரதங்களின் மேல் நூல்கண்டு மாதிரி சுற்றியிருக்கிறது. இறுகச் சுற்றிய இடத்தில் உள்ள மரபணுவைச் செல்லால் படிக்க முடியாது. அசிடைல் என்ற சின்ன வேதித்தொகுதி ஹிஸ்டோனில் ஒட்டினால் சுற்று தளரும், படிக்கலாம். மரபணுவின் எழுத்து மாறுவதில்லை, எதைப் படிப்பது என்பதுதான் மாறுகிறது. இதைத்தான் எபிஜெனடிக்ஸ் என்கிறார்கள். ஹிப்போகேம்பஸ் என்ற நினைவுப் பகுதியில், புதிதாக ஒன்றைக் கற்கும்போது இந்தத் தளர்வு நடக்க வேண்டும். வயதான சுண்டெலிகளில் ஹிஸ்டோனின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் அசிடைல் சரியாக ஏறுவதில்லை என்று 2010-ல் மூளை ஆய்வாளர் ஆந்த்ரே ஃபிஷரின் குழு காட்டியது.

அதே ஃபிஷர், லி-ஹுவெய் சாய் ஆகியோரின் 2007 ஆய்வுதான் எனக்கு இன்னும் வியப்பு. சுண்டெலிகளுக்கு ஒன்றைக் கற்றுக்கொடுத்து, நினைவு நன்றாகப் பதியும்வரை காத்திருந்து, அப்புறம் மூளை நரம்பணுக்கள் அழியும்படி செய்தார்கள். கற்றது போய்விட்டது. பிறகு அவற்றைச் சாமான்கள் நிறைந்த கூண்டில் விட்டால், போன நினைவு திரும்பி வந்தது! ஹிஸ்டோன்களில் அசிடைலும் கூடியிருந்தது. அசிடைலைக் கழற்றும் நொதியைத் தடுக்கும் மருந்தும் ஏறக்குறைய இதே பலனைத் தந்தது. ஆக, அந்த நினைவு அழிந்திருக்கவில்லை, எடுக்க முடியாமல் கிடந்திருக்கிறது.

ஆனால் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. வெறும் பெட்டியை 'இயல்பு' என்று வைத்துக்கொண்டு, ஏணி வைத்ததைச் 'செழுமை' என்கிறோம். காட்டில் திரியும் எலிக்கு அந்தப் பெட்டியே தண்டனைதான், இல்லையா? இதில் எவ்வளவு ஊட்டம், எவ்வளவு பட்டினி தீர்ந்த சுகம் என்று பிரிப்பது கஷ்டம்.

உயிரோடிருக்கும் மனிதரின் மூளையைத் திறந்து ஹிஸ்டோனை எண்ணிப் பார்க்க முடியாது, அதனால் மனிதர்களிடம் பெரும்பாலும் நடத்தையைத்தான் சோதிக்கிறார்கள். 2014-ல் அமெரிக்காவில் டெனிஸ் பார்க் குழு, 60 வயது தாண்டியவர்களில் சிலருக்கு டிஜிட்டல் புகைப்படக்கலை, சிலருக்கு ஒட்டுத்துணித் தையல், சிலருக்கு இரண்டும் என்று வாரம் சுமார் 15 மணி நேரம், 3 மாதம் கற்றுக்கொடுத்தது. அவர்களின் நினைவுத்திறன் கூடியது, புகைப்படம் கற்றவர்களுக்கு முக்கியமாக. சும்மா கூடிப் பேசி, சுற்றிப் பார்த்து வந்த குழுவுக்கு அந்த அளவு பலன் இல்லை.