ஸ்பீக்கருக்கு ஒரு சும்மாடு: ஒற்றை ஹவாய் செருப்பில் ஸ்டுடியோ சத்தம்!

[காட்சி: மேஜையில் இரண்டு ஸ்பீக்கர்கள். நடுவில் ஒரு டபரா செட். பாட்டு ஓடுகிறது. டபரா கிணுகிணு என்று நடுங்குகிறது.]

கேட்கிறதா? இந்தக் கிணுகிணு என் பாட்டில் கிடையாது. நான் யாரையும் டபரா வாசிக்கக் கூப்பிடவில்லை. என் மேஜை தன் இஷ்டத்துக்குக் கச்சேரி பண்ணுகிறது. இதை நிறுத்த நான் எடுத்த ஆயுதம் ஒரு பழைய ஹவாய் செருப்பு. ஒரு ஜோடிகூட வேண்டாம், ஒற்றைக் கால் போதும். எப்படி என்று பார்ப்போம். வணக்கம் மக்களே!

முதலில் என் சோகக் கதை. கோடம்பாக்கம் பக்கம் ஒரு பத்துக்குப் பத்து அறை, அதில் ஒரு பிளைவுட் மேஜை, ஐந்து அங்குல மானிட்டர் ஸ்பீக்கர் (பாட்டை உள்ளபடியே கேட்கச் செய்வது) இரண்டு. ஒரு பாட்டை ராத்திரி முழுக்க மிக்ஸிங் செய்தேன், அதாவது எந்த வாத்தியம் எவ்வளவு கேட்க வேண்டும் என்று அளவு பார்த்துச் சேர்த்தேன். மிருதங்கத்தின் இடது பக்கம், அதான் தொப்பி, ரொம்ப முழங்குகிறதே என்று குறைத்துக்கொண்டே போனேன். மறுநாள் நண்பனின் காரில் போட்டுக் கேட்டால் தொப்பியையே காணோம்! ஏதோ பக்கத்து வீட்டில் யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி இருந்தது. முழங்கியது மிருதங்கமே இல்லை. மேஜை. அது கூட்டிக் காட்டியதை நான் பாட்டிலிருந்து கழித்துவிட்டேன்.

காரணத்தைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன், தூங்கிவிடாதீர்கள். ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் போனால் பெட்டி பின்னால் போகும். நியூட்டனின் மூன்றாம் விதி. ஐந்து அங்குலக் கூம்பு பத்துப் பதினைந்து கிராம் அளவுதான், பெட்டி நாலைந்து கிலோ. அதனால் பெட்டி நகர்வது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மேஜைக்குத் தெரியும். வீணைக் கம்பி தனியாகக் கத்தாது, குடத்தோடு சேர்ந்தால்தான் சத்தம். உங்கள் மேஜை இங்கே குடம் வேலை பார்க்கிறது. அவ்வளவுதான் இயற்பியல்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு கமெண்டில் திட்டக்கூடாது. இது உங்கள் காதுக்கான வைத்தியம். கீழ்வீட்டு மாமி ராத்திரி பதினொரு மணிக்குக் கதவைத் தட்டுவதை இது நிறுத்தாது. பேஸ், அதாவது அடித்தொண்டை முழக்கம், காற்று வழியாகவும் போகும், சுவரையும் ஆட்டும். மாமிக்கு ஒரே மருந்து, வால்யூமைக் குறைப்பது.

சரி, செருப்புக்கு வருவோம்.

[காட்சி: கையில் நீல வார் வைத்த செருப்பு.]

கோயம்பேட்டில் மூட்டை தூக்குகிறவர் தலையில் துண்டைச் சுருட்டிச் சும்மாடு வைப்பார் இல்லையா, அதே போல ஸ்பீக்கருக்கும் மேஜைக்கும் நடுவில் ஏதோ மெத்தென்று இருந்தால் போதும் என்று நினைத்தேன். ஆளுக்கொரு செருப்பாக இரண்டு ஸ்பீக்கருக்கும் அடியில் படுக்க வைத்தேன். டபரா அப்படியே பாடியது. அடுத்து, இன்னும் 'ஸ்ட்ராங்காக' ஏதாவது வாங்கலாம் என்று புதுப்பேட்டை போய் ஒரு கார் இன்ஜின் மவுண்ட் ரப்பர் வாங்கி வந்தேன். அதிலும் பாடியது, கொஞ்சம் சந்தோஷமாகவே!

ஏன்? இந்த வீடியோவின் உயிர் இங்கேதான் இருக்கிறது. சும்மாடு பாரத்தைப் பரப்பும். நமக்கு வேண்டியது ஸ்பிரிங். அமுங்கி எழுகிற பொருள்தான் அதிர்வைக் கீழே போகவிடாது. இன்ஜின் மவுண்ட் நூறு கிலோவுக்கு மேல் கனக்கும் இன்ஜினுக்கென்று செய்தது. அதன் மேல் ஐந்து கிலோ ஸ்பீக்கரை வைப்பது யானை மேல் ஈயை உட்கார வைத்து, யானை ஏன் குனியவில்லை என்று கேட்பது மாதிரி. வாஷிங் மெஷினுக்கு விற்கும் ரப்பர் காலும் இதே கதைதான்.

அப்படியானால் எவ்வளவு அமுங்க வேண்டும்? ஒரு மில்லிமீட்டர்! நிஜமாகத்தான். ஸ்பீக்கரை வைத்ததும் ரப்பர் 1 மில்லிமீட்டர் அமுங்கினால், அந்த அமைப்பு தானாக ஆடும் வேகம் சுமார் 16 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 16 ஆட்டம். அதைப் போல் 1.4 மடங்குக்கு மேலே, அதாவது ஏறக்குறைய 22 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் தடுப்பு வேலை செய்யத் தொடங்கும். பேஸ் கிட்டாரின் கடைசிக் கம்பியே 41 ஹெர்ட்ஸ், ஆகவே நாம் பிழைத்தோம். அதே ரப்பர் விறைப்பாக இருந்து அதில் பத்தில் ஒரு பங்குதான் அமுங்கியது என்றால்? 50 ஹெர்ட்ஸில் ஆடும். 70க்குக் கீழே எதையும் தடுக்காது. 50 பக்கத்தில் அதிர்வைக் கூட்டியே கொடுக்கும். காசு கொடுத்துத் தலைவலி வாங்குவது என்பார்களே, அதுதான். ரப்பர் இரும்பு ஸ்பிரிங் மாதிரி கணக்குக்கு ஒழுங்காக நடக்காது, அதிர்வில் கொஞ்சம் விறைத்துக்கொள்ளும். அதனால் ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் வரை குறி வையுங்கள். ரொம்ப மெத்தென்றும் போகாதீர்கள். முழுக்க நசுங்கிய ஸ்பாஞ்சும் கல்லும் ஒன்றுதான்.

[காட்சி: கத்தரியும் ஸ்கேலும்.]

அமுங்க வைக்கும் வழி எளிது. பரப்பைக் குறையுங்கள். முழுச் செருப்பு அமுங்காது, சின்னத் துண்டு அமுங்கும். ஸ்பீக்கருக்கு நான்கு, மொத்தம் எட்டுத் துண்டுகள், ஒற்றைச் செருப்பிலேயே கிடைத்துவிடும். குதிகால் பக்கம் தேய்ந்திருக்கும், பாதத்தின் குழிவு படுகிற நடுப்பகுதியில் வெட்டுங்கள். இல்லையென்றால் உயரம் மாறி ஸ்பீக்கர் தலையாட்டும். முதலில் ஒரு அங்குலத் துண்டாக வெட்டினேன். ஸ்கேலில் ஒன்றும் தெரியவில்லை. முக்கால் அங்குலமாக்கியும் ஸ்பீக்கரின் கனம் போதவில்லை. அப்போதுதான் கல் வந்தது.

கிச்சன் மேடையில் சிங்க் வைக்கக் கிரானைட்டில் ஒரு செவ்வகத்தை வெட்டி எடுப்பார்களே, அந்தத் துண்டு எங்கே போகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? பல நேரம் கல் கடை வாசலில் வெயில் காய்கிறது. அதை ஒரு அடிக்கு ஒரு அடியாக இரண்டு வெட்டித் தரச் சொல்லுங்கள். கடப்பா கல்லானாலும் சரிதான். 2 சென்டிமீட்டர் தடிமனில் ஒவ்வொன்றும் சுமார் 5 கிலோ வரும். செருப்புத் துண்டின் மேல் கல், கல்லின் மேல் நழுவாத மெல்லிய ரப்பர் ஷீட், அதன் மேல் ஸ்பீக்கர். இப்போது பாரம் இரண்டு மடங்கு, ஆகவே அமுங்கலும் இரண்டு மடங்கு. பெட்டியின் ஆட்டமும் பாதியாகிவிடும். வரிசையை மாற்றிவிடாதீர்கள். கல்லை நேராக மேஜை மேல் வைத்தால் உங்களுக்குக் கிடைப்பது கொஞ்சம் கனமான மேஜை மட்டும்தான்.

[காட்சி: டபரா. பாட்டு ஓடுகிறது. கிணுகிணு இல்லை.]

ஆஹா!

இதற்கு மேலும் ஆசை இருப்பவர்களுக்கு, எனக்கு மிகவும் பிடித்த பொருள் ஒன்று இருக்கிறது: ஸ்குவாஷ் பந்து. 2023இல் ஸ்குவாஷ் உலகக் கோப்பை நடந்த சென்னையில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் விட்டால் பாவம். இரண்டு மஞ்சள் புள்ளி போட்ட பந்தாக வாங்குங்கள், அது ரொம்பவே மந்தமானது. ஒரு டென்னிஸ் பந்தையும் இதையும் சேர்த்துக் கீழே போடுகிறேன், பாருங்கள்.

[காட்சி: ஒன்று துள்ளுகிறது. மற்றது 'தொப்'.]

தெருவில் கிரிக்கெட் ஆட இது ஆகாது, முதல் பந்திலேயே சண்டை வரும். ஆட்டக்காரர்களே இதை அடித்துச் சூடாக்கிவிட்டுத்தான் ஆட்டத்தைத் தொடங்குவார்கள். ஆனால் துள்ளாத பந்து வாங்கிய அதிர்வைத் திருப்பித் தராது, உள்ளேயே தின்று தீர்த்துவிடும். நமக்கு வேண்டியதும் அதுவே. பந்து உருளுமே என்றால், அதற்குப் பாட்டி வைத்தியம் உண்டு. உருண்டை அடிப் பானையை எதில் உட்கார வைத்தார்கள்? பிரிமணையில். முக்கால் அங்குல பிவிசி பைப்பில் மெல்லிய வளையங்கள் வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு பந்து. கல்லுக்கு நான்கு பந்து. கல் வளையத்தில் இடிக்கக் கூடாது, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். செருப்பைவிட இது நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் எட்டுப் பந்து வாங்கும் செலவில் எனக்கு ஒரு வாரம் டிபன் ஓடும், அதனால் என் ஓட்டு இன்னும் செருப்புக்குத்தான்.

கடையில் விற்கும் ஃபோம் பேட்? தவறில்லை, சாய்வாகவும் வைக்கலாம், ஆனால் உங்கள் ஸ்பீக்கர் எடைக்கு அது அமுங்குகிறதா என்று பார்த்து வாங்குங்கள். மலிவான ஃபோம் நம் ஊர் ஈரக்காற்றில் சில வருடங்களில் பிசுபிசுத்து உதிர்ந்துவிடும்.

ட்வீட்டர், அதாவது கீச்சுச் சத்தம் தரும் சின்னக் கூம்பு, காது உயரத்துக்கு வர வேண்டும். கல்லும் செருப்பும் சேர்ந்து ஒன்றரை அங்குலம் ஏற்றும், அதைக் கணக்கில் வையுங்கள்.

உங்கள் வீட்டிலும் சோதித்துப் பாருங்கள். 40லிருந்து 300 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் ஒரு டோனை ஓடவிட்டு, உள்ளங்கையை மேஜையில் வையுங்கள். எந்த இடத்தில் விறுவிறுக்கிறதோ அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். துண்டுகளை வைத்தபின் அதே எண்ணில் மறுபடி தொட்டுப் பாருங்கள். முழுசாக நிற்காது, காற்று வழியாகவும் மேஜை கொஞ்சம் ஆடும். ஸ்பீக்கர் எத்தனை கிலோ, எத்தனை மில்லிமீட்டர் அமுங்கியது, இரண்டையும் கமெண்டில் போடுங்கள். ஒரு பட்டியலாகப் போட்டுவிடலாம்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். எங்கள் அம்மா இந்தச் சேனலைப் பார்ப்பார். அந்தச் செருப்பின் இன்னொரு கால் எங்கே என்று மூன்று வாரமாகத் தேடிக்கொண்டிருக்கிறார். யாரும் சொல்லிவிடாதீர்கள்.