கீ லூஸா இருக்கா? கிட்டாரைக் குத்தம் சொல்லாதீங்க

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். நம்ம திருநெல்வேலிப் பக்கம் கிட்டார் இல்லாத தெரு இப்ப கம்மிதான், பாளையங்கோட்டைல சர்ச்சுக்கு சர்ச் கொயர், காலேஜ்ல லைட் மியூசிக், வீட்ல சும்மா பழகுற பிள்ளைங்க. ஆனா பாதி கிட்டார் பரண்ல கிடக்கு. ஏன்னு கேட்டா "கீ லூஸாயிட்டு, சுருதி நிக்கமாட்டேங்கு"ன்னு சொல்லுதாவ. எனக்கு அதைக் கேக்கும்போதெல்லாம் மனசு தாங்காது, ஏன்னா முக்கால்வாசி நேரம் அது ஒரு ஸ்க்ரூ சமாச்சாரம் அவ்வளவுதான்.

முதல்ல ஒண்ணு சொல்லிருதேன். கிட்டார் தலைப்பக்கம் நீங்க திருகுறீங்கல்ல, அந்தக் கீக்குள்ள ஸ்க்ரூ மாதிரி ஒரு புரியும் அது கடிச்சு ஓடுற பல்சக்கரமும் இருக்கு. பல கிட்டார்ல கீயை 14 தடவ சுத்துனாத்தான் கம்பி சுத்துற தண்டு ஒரு சுத்து வரும், சிலதுல 18. கீயைத் திருகுனா தண்டு சுத்தும், ஆனா கம்பி எவ்வளவு இழுத்தாலும் தண்டு கீயைத் திருப்பிச் சுத்தாது. அதனால "கீ தானா பின்னால ஓடுது"ங்கது அநேகமா நடக்காத காரியம். பல்லு தேஞ்சிருக்கணும், இல்லன்னா வேற எங்கயோ ஆட்டம் இருக்கு, அது எங்கன்னு கையால தொட்டுப் பாத்துட்டு அப்புறம் கடைக்குப் போங்க. மறுபடியும் சொல்லுதேன், முதல்ல தொட்டுப் பாருங்க.

கம்பியைக் கொஞ்சம் தளர்த்திட்டு ஒவ்வொரு கீயா ஆட்டிப் பாருங்க. பிடி மட்டும் ஆடுதா, அதோட நுனியில ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும், கால் சுத்து முறுக்குங்க, போதும். பலமா முறுக்குனா உள்ள இருக்க பிளாஸ்டிக் வாஷர் நசுங்கி கீ இறுகிப்போவும். முன்பக்கம் தண்டைச் சுத்தி ஆறுமூலை நட்டு இருக்குற கிட்டார்னா அதைப் பாருங்க, அது பெரும்பாலும் 10 மில்லிமீட்டர் ஸ்பானருக்கு உக்காரும். சித்திரை வெயில்ல மரம் காஞ்சு சுருங்கும், ஆனில சாரக்காத்து வந்தா ஈரத்துல உப்பும், இந்த ஏத்த இறக்கத்துலதான் நட்டு லூஸாவுது. பைய முறுக்குங்க, வார்னிஷ் வெடிக்கிற வரைக்கும் வேண்டாம்.

இப்ப கீயை மரத்தோட பிடிச்சு வைக்கிற பின்பக்க ஸ்க்ரூ. இதுக்கு ஒரு கதை சொல்லியே ஆவணும். டிசம்பர்ல கேரல் ரவுண்டு போவாங்கல்ல, பாளையங்கோட்டைல ஒரு பையன் கிட்டாரைத் தூக்கிட்டு என்கிட்ட வந்தான், "அண்ணே, ராத்திரி கிளம்பணும், மூணு கீ கழண்டு ஆடுது, புது செட்டே போடணும்னு சொல்லிட்டாவ"ன்னு கண்ணு கலங்கிட்டு நிக்கான். திருப்பிப் பாத்தா கீ நல்லாத்தான் இருக்கு, மரத்துல ஓட்டை பெருசாயி ஸ்க்ரூ பிடிக்கல, அதுக்குள்ள பேப்பரைத் திணிச்சு மேல டேப் ஒட்டி வச்சிருக்கான். எங்க ஆச்சி அடுப்படில இருந்து தீப்பெட்டியைக் கொண்டுவந்து குடுத்தா. குச்சில மருந்தைக் கிள்ளிப்போட்டுட்டு, ஃபெவிகால்ல முக்கி, ஓட்டைக்குள்ள இறுக்கமா இறக்கி, மீதியை பிளேடால மரத்தோட மட்டமா வெட்டுனோம். முறையா ஒரு ராத்திரி காய விடணும். அவனுக்கு ஏது ராத்திரி, அந்த மூணு கீயையும் விட்டுட்டு மத்த மூணு கம்பிலயே அன்னைக்குப் பாடிட்டு வந்தான். மறுநாள் ஸ்க்ரூவைக் கையாலயே முறுக்குனோம், அது மரத்தைக் கடிச்சுக்கிட்டு போவுற சத்தம் கேட்டதும் அந்தப் பையன் மூஞ்சியைப் பாக்கணுமே! கிறிஸ்துமஸுக்கு அந்தக் கிட்டார்தான் வாசிச்சுது.

பல்லு வெளியே தெரியுற கீயா இருந்தா தையல் மெஷின் ஆயில் ஒரு சொட்டு போதும், தேங்காண்ணெய் விடாதீங்க, தூசி சேந்து பிசினாயிரும். மூடுன கீக்கு ஒண்ணும் வேண்டாம்.

அடுத்து நான் விடாம சொல்லிட்டே இருக்க விஷயம். சுருதி கூடிப்போச்சுன்னா அப்படியே இறக்கி நிறுத்தாதீங்க, நல்லா கீழ இறக்கிட்டு மேல ஏத்தி நிறுத்துங்க. பல்லுக்கு நடுவுல எப்பவும் கொஞ்சம் இடைவெளி இருக்கும், மேல ஏத்துனாத்தான் அது ஒரு பக்கமா அணைஞ்சு நிக்கும். கீழ இருந்து மேல, மறந்துராதீங்க. கம்பியைத் தண்டுல ரெண்டு மூணு சுத்தாவது சுத்துங்க, இல்லன்னா கம்பி வழுக்கிட்டுப் பழி கீ மேல விழும்.

வீணைப் பிரடை, வயலின் பிரடை, அதான் அதுல கம்பியை முறுக்குற மரத் திருகு, அது பத்திப் பேசணும்னுதான் நிறைய குறிச்சிட்டு வந்தேன், அங்க கண்ணாடிக்குப் பின்னால கை காட்டுதாவ, நேரமாயிட்டு. சுருக்கமா, அதுல பல்சக்கரம் கிடையாது, மரமும் மரமும் உரசித்தான் நிக்கி, அதனால அது நெசமாவே வழுக்கும். வயலினுக்குக் கொஞ்சம் சாக்பீஸ் தடவி, திருகும்போது உள்ள அழுத்திக்கிட்டே திருகுங்க. வீணைக்கு வேலை தெரிஞ்ச ஆசாரிகிட்ட கொண்டு போங்க. கிட்டார்ல பல்லு நெசமாவே தேஞ்சு போயிருந்தா மாத்தத்தான் வேணும், கடைக்குப் போகும்போது பழைய கீயைக் கழட்டிக் கையோட கொண்டு போங்க, ஸ்க்ரூ ஓட்டை பொருந்துதான்னு பாத்து வாங்கலாம். நன்றி, வணக்கம்.