தோண்டாமலே கசிவைக் கண்டுபிடிக்கும் சென்சார்: ரகசியம் உள்ளே இருக்கும் கடிகாரம்

[திரையில்: சாலை, கீழே குழாய், சின்ன ஓட்டை]

மண்ணுக்கடியில் குடிநீர்க் குழாயில் ஓட்டை. மேலே ஈரம்கூட இல்லை. ஆனாலும் எங்கே தோண்டணும் என்று இரண்டு சென்சார்கள் சொல்லிவிடும். எப்படி?

பின்னணி சுருக்கமாக: அழுத்தத்தோடு தண்ணீர் பீய்ச்சும்போது குழாய் அதிரும். அதை வால்வில் கம்பியை வைத்து, மறுமுனையில் காதை வைத்துக் கேட்பது பழைய முறை. இப்போது வால்வில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் சென்சார், ஊர் அடங்கிய பிறகு கேட்கிறது.

எனக்கு ரொம்பப் பிடித்தது இனிமேல்தான். கண்ணை மூடியிருந்தாலும் யாராவது கூப்பிட்டால் எந்தப் பக்கம் என்று தெரிகிறதே, ஒரு காதுக்குச் சத்தம் துளி முன்னால் வருவதால்தான். இங்கேயும் அதேதான்: கசிவுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு சென்சார், பக்கத்தில் இருப்பதற்கு முதலில் கேட்கும். கசிவின் சத்தம் விடாமல் வரும் இரைச்சல், தொடக்கம் என்று ஒன்று இல்லை, அதனால் இரண்டு பதிவுகளையும் ஒன்றின் மேல் ஒன்றாக நகர்த்தி, எங்கே பொருந்துகிறது என்று கணினி தேடுகிறது. எவ்வளவு நகர்த்தினோமோ, அதுதான் நேர வித்தியாசம்.

[திரையில்: கணக்கு]

சென்சார்களுக்கு இடையே 200 மீட்டர், இரும்புக் குழாயில் சத்தத்தின் வேகம் நொடிக்கு 1,200 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுக்கு 50 மில்லிநொடி முன்னால் கேட்டால், அந்த நேரத்தில் சத்தம் ஓடும் தூரம் 60 மீட்டர். 200-ல் 60 போக 140, அதில் பாதி 70. முதலில் கேட்ட சென்சாரிலிருந்து 70 மீட்டரில் தோண்டுங்கள். என்ன அழகான கணக்கு!

சரி, இரண்டு சென்சார்களுக்குள்ளும் இருக்கும் கடிகாரங்கள் ஒத்துப்போகாவிட்டால்? 10 மில்லிநொடி பிசகினாலே 12 மீட்டரில் பாதி, 6 மீட்டர் தள்ளித் தோண்டுவோம். பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகும் சாதாரண குவார்ட்ஸ் படிகத்தில் ஓடும் கடிகாரம் ஒரே நாளில் 1.7 நொடி விலகிவிடும், அப்புறம் இந்தக் கணக்குக்கு அர்த்தமே இல்லை. வால்வுக் குழியின் இரும்பு மூடிக்குக் கீழே ஜிபிஎஸ் சிக்னலை நம்பவும் முடியாது, அதனால் பல கருவிகள் ரேடியோ வழியாக நேரத்தைச் சரிசெய்துகொள்கின்றன. செயற்கை நுண்ணறிவு, டாஷ்போர்டு என்று எதைக் காட்டி விற்றாலும், நேரத்தை எப்படி ஒத்துப்போக வைக்கிறீர்கள் என்று முதலில் கேளுங்கள், நான் அதைத்தான் கேட்பேன்.

பிளாஸ்டிக் குழாய் இதைவிடக் கடினம். சத்தம் நொடிக்குச் சில நூறு மீட்டர்தான் போகும், அதுவும் சீக்கிரம் அடங்கிவிடும், சென்சார்களை நெருக்கி வைக்கணும். இந்த வேலையில் இருப்பவர்கள் பிளாஸ்டிக்கில் எவ்வளவு தூரம் வரை கேட்கிறது என்று கமென்டில் எழுதுங்கள், அடுத்த வீடியோவே அதுதான்.